கறுப்புக் கோட்டுக்கு ஒரு காபி

1935ஆம் வருஷம் ஐப்பசி மாதத்திலிருந்து பதினோரு மாதம், சூரமங்கலத்தில் ரயில்வே ஜங்ஷனுக்கு எதிரே இருந்த செங்கோட்டையனின் ஹோட்டலுக்குச் சென்னிமலையின் குரல் மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. சென்னிமலை தன் வீட்டில், கயிற்றுக் கட்டிலில், இடது காலை நீட்டியபடி படுத்திருந்தான். குரல் விடியற்காலை ரயிலுக்கு முன்பே வந்துவிடும். ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

அந்த ஹோட்டலில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. பரிமாறுகிறவன், கேட்டதை அடுப்படிக்குக் கூவுவான். சாப்பிட்டவர் எழுந்ததும் ஆளுக்கு ஓர் அடையாளம் சொல்லி, அவர் தர வேண்டியதைக் கல்லாவுக்குக் கூவுவான். “செவப்புத் தலப்பா, ஒண்ணே முக்கால் அணா!” என்று சென்னிமலை கூவினால் பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். காதில் விழுந்தது என்பதற்கு முதலாளி செங்கோட்டையன் கல்லாவிலிருந்து, “ஆச்சு, சென்னிமலே!” என்பார். பதினாறு வருஷம், நாளைக்கு முந்நூறு தடவை இது நடந்தது. மூச்சு விடுவதை யாரும் கவனிக்காத மாதிரி இதையும் யாரும் கவனிக்கவில்லை.

செங்கோட்டையன் கெட்டவர் இல்லை, கை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். ஆனால் மாவரைக்க அவர் ஓர் எண்ணெய் எஞ்சின் வாங்கினார். மாலை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த எஞ்சின் சரியாக ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது, பிறகு எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. கொதிக்கிற சாம்பார் வாளியோடு அடுப்படி வாசலைத் தாண்டிய சென்னிமலை அந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தான். முட்டி உடைந்தது, கால் வெந்தது. அப்போது அவன் போட்ட அலறல் வாயிலிருந்து வெளியே போனதுதான், திரும்பி உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் இருக்கிற இடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கால் மட்டும் இனி மடங்காது என்றார்கள்.

நான்காம் நாள் காலையில் குரல் ஹோட்டலில் கூவ ஆரம்பித்தது. முதல் நாள் இரண்டு பேர் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். மறுநாள் ஒருவர் ஓடினார், அவரும் ரயிலைப் பிடிக்கத்தான் ஓடினார். அதன்பின் எல்லாம் பழகிப்போயிற்று. இலை போடவும் வாளி தூக்கவும் பாதிச் சம்பளத்தில் ஒருவனை வைத்துக்கொண்டார் செங்கோட்டையன். கூவுகிற வேலையைக் குரல் பார்த்தது. சம்பளம் கேட்காத குரல், ஓரணாகூடத் தப்பாகச் சொல்லாது.

சென்னிமலையின் மனைவி ஆராயி மூன்று தடவை கல்லாவின் முன்னால் போய் நின்றாள். “கால் மடங்க மாட்டேங்குதுங்க மொதலாளி. எங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க” என்றாள். “ஆளு வரட்டும் ஆராயி, பேசிக்கலாம்” என்றார் அவர். அவள் தலைக்கு மேலே அவள் புருஷன் நாலாம் மேஜைக்கு இட்லி கூவிக்கொண்டிருந்தான். அவள் வெளியே வந்து அழுதாள். வழி பிறக்கவில்லை என்றால் ஏற்காட்டுத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும். மடங்காத காலோடு அவன் மலையேற முடியாது. அவள் மட்டும்தான் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஓர் இரவுகூடப் பிரிந்து இருந்ததில்லை.

தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதும் நசுருல்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். “எஞ்சின் ஓடுற எடத்துல வேலை செய்யுறவனுக்கு அடிபட்டா நஷ்டஈடு குடுக்கணும்னு சட்டம் இருக்கு தாயி. அவரு எஞ்சின் வெச்சாரில்ல, போட்டோகூட இருக்கு. அது போதும்” என்றார். மனு போனது. பதிலுக்கு, சென்னிமலை என்று யாரையும் தனக்குத் தெரியாது, சாப்பிட வந்த எவனோ வழுக்கி விழுந்திருக்கிறான் என்று செங்கோட்டையன் எழுதிக் கொடுத்தார். ஹோட்டலில் எந்தத் தாளிலும் சென்னிமலையின் பெயர் இல்லை என்பது உண்மைதான். கூட வேலை பார்த்தவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்தது, அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதனால் நசுருல்லா, குரலையே சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று இன்னொரு மனு போட்டார். கூடாது என்று சட்டத்தின் எந்தப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை. குரல் ஹோட்டலை விட்டு வராததால் விசாரணை அதிகாரி தானே புறப்பட்டு வந்தார்.

செங்கோட்டையன் புத்திசாலி. அன்றைக்குப் பண்டிகை லீவு என்று போர்டு மாட்டிவிட்டார். சாப்பிட ஆள் இல்லையென்றால் குரல் எதைக் கூவும்? கறுப்புக் கோட்டு போட்ட அதிகாரி ஒண்ணாம் மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. சென்னிமலையை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான், காற்றுதான் வந்தது. மலைக்கு எடுத்துப் போக வேண்டிய துணிமணிகளை ஆராயியின் மனம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது.

ஜெயித்த சந்தோஷத்தில் செங்கோட்டையன் அந்தப் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். படியேறி வந்த மனுஷரை வெறும் வயிற்றோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. “ஒரு வாய் காப்பியாச்சும் சாப்புட்டுப் போங்க சாமி” என்று தானே கொண்டுவந்து வைத்தார். அதிகாரி, காசு வாங்கிக்கொள்வதானால் குடிக்கிறேன் என்று சொல்லிக் குடித்தார், டம்ளரை வைத்தார், எழுந்தார்.

“கறுப்புக் கோட்டு, ஒரு காப்பி, முக்கால் அணா!”

“ஆச்சு, சென்னிமலே!” என்றார் செங்கோட்டையன்.

சொல்லிவிட்டு, தான் சொன்னதே தெரியாமல், காசுக்குக் கையை நீட்டினார். அதிகாரி முக்கால் அணாவை அந்தக் கையில் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். விரல் போனால் இத்தனை, கண் போனால் இத்தனை, கால் போனால் இத்தனை என்று போட்டிருந்த சட்டப் பட்டியலில் குரலுக்கு இடம் இல்லை. ஆகவே, குரல் தொலைந்துபோகவில்லை, வேலையில் இருக்கிறது என்று எழுதி, காலுக்கு உண்டான முழு நஷ்டஈட்டையும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார்.

செங்கோட்டையன் மேல்முறையீடு செய்யவில்லை. பணத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். சென்னிமலையும் ஆராயியும் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் மூன்று மேஜை போட்டு ஒரு கடை வைத்தார்கள். திறந்த அன்று காலை, “சூடு, சூடு, வழி!” என்று கூவிக்கொண்டு குரல் ஜங்ஷன் ரோட்டைக் கடந்து வந்ததை ஜட்காக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். வாளி தூக்கி வருகிறவனுக்கு ஒதுங்குவதுபோல வண்டியை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

குரல் சென்னிமலையின் தொண்டைக்குத் திரும்பவில்லை, கடையில்தான் தங்கியது. அவன் காலை நீட்டிக் கல்லாவில் உட்கார்ந்து, குரல் கூவும்போதெல்லாம் பணப்பெட்டி மூடியை ஒரு தட்டுத் தட்டுவான். அதுதான் அவனுடைய ‘ஆச்சு’. முதல் நாள் கூட்டம் கலைந்த பிறகு, விடியலிலிருந்து அடுப்படியில் நின்ற ஆராயி ஒண்ணாம் மேஜையில் சற்று உட்கார்ந்தாள். பதினாறு வருஷம் ஹோட்டலில் பரிமாறியவனின் பெண்டாட்டியாக இருந்தவள், ஒரு ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஒண்ணாம் மேஜை, பச்சைச் சீலை, ஒரு காப்பி!” என்றது குரல். சென்னிமலை காலை இழுத்துக்கொண்டு போய்த் தானே ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான். அவள் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு எழுந்து நின்று, தனக்கு எத்தனை அணா என்று காத்திருந்தாள்.

“பச்சைச் சீலை, ஒண்ணுமில்லே!”

சென்னிமலை கல்லாவுக்குப் போய் மூடியை ஒரு தட்டுத் தட்டினான். ஆராயி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த ரயிலுக்கு மாவு போதுமா என்று பார்க்க உள்ளே போனாள்.