இரண்டு சேனல்

ஓட்டு எண்ணி முடிந்ததும் ஜெயித்தவர் டெல்லிக்குப் போனார், தோற்றவர் வீட்டுக்குப் போனார். பிளாரன்ஸின் ஊர்க்காரர்கள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெடி போட்டவன் மண்டையை வெடி பிடிக்காதவன் உடைத்தான். உடைத்தவன் வலையை மறுநாள் யாரோ அறுத்துப் போட்டார்கள். தூத்துக்குடி துறைமுகத்துக்குத் தெற்கே, ஒரே கோயில் ஒரே கரை என்று இருந்த ஊர் அதோடு இரண்டாகப் போயிற்று.

ஒரு கட்சிக்குத் தலைமை செபாஸ்டின், பிளாரன்ஸின் புருஷனுக்கு மூத்த அண்ணன். மற்றதற்கு பெனிஸ்டன், அவளுடைய சொந்த அண்ணன். இனியும் மண்டை உடைய வேண்டாமென்று ஊர்க் கமிட்டி ஓர் ஏற்பாடு செய்தது. காலையில் பெனிஸ்டன் ஆட்கள் கடலுக்குப் போய்விட்டு வர வேண்டும். அவர்கள் கரை பிடித்த பிறகுதான் செபாஸ்டின் ஆட்கள் வள்ளம் தள்ள வேண்டும். கடலில் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்ஸில் ஊருக்கெல்லாம் ஒரே சேனல் இருந்தது. எதிராளி குரலைக் கேட்டாலே பாவம் என்று அதையும் விட்டு ஆளுக்கொரு சேனலுக்கு மாறிக்கொண்டார்கள்.

அவள் புருஷன் மனுவேல் எந்தப் பக்கமும் சேரவில்லை. யாருக்குக் குத்தினான் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத மனுஷன். "கோவம் தணிஞ்சா ரெண்டு பேரும் பழைய சேனலுக்குத்தாம்ளா வருவானுவ" என்று அவன் மட்டும் அதிலேயே இருந்தான். அப்படி இருந்தவன் ஒரு நாள் தன் சின்ன பைபர் வள்ளத்தில் தனியாகப் போனான், திரும்பவில்லை. கூப்பிட்டானோ என்னவோ, கேட்பதற்கு அந்தச் சேனலில் ஒரு காதும் இல்லை.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கடல் வெறிச்சோடிக் கிடந்தது. கடலோரக் காவல் படை ஆழத்துப் பக்கம் தேடியது. கரையை ஒட்டிய கடலைத் தேட வேண்டியது ஊர்க்காரர்கள். ஆளைக் காணவில்லை என்றால் மொத்த வள்ளமும் ஒன்றாய்ப் போய், கடலைப் பங்கு பிரித்துத் தேடுவதுதான் அந்தக் கரையின் வழக்கம். இப்போது தேடுவதற்கும் முறை வைத்தார்கள். காலையில் அண்ணன் ஆட்கள், மத்தியானத்துக்கு மேல் மூத்தவர் ஆட்கள்.

பிளாரன்ஸ் முதலில் செபாஸ்டின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அத்தான், எந்தப் பக்கம் தேடுதியன்னு எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? வேணும்னா அவன் வந்து கேக்கட்டும்."

"அப்ப எங்கிட்டயாவது சொல்லுங்க. நான் போய்ச் சொல்லுதேன்."

"கடல்ல எடம் சொன்னா ஒனக்கு வெளங்குமாளா? போய்க் கோயில்ல செவத்தியாருக்கு மெழுகுதிரி ஏத்து. என் தம்பிய நான் விட்ருவனா?"

அண்ணனிடம் போனாள். அவனும் அதே பாட்டைத்தான் பாடினான். "மொதல்ல அவரு மைக்க எடுத்துக் கூப்பிடட்டும்ளா. நாங்க பாத்துக்கிட்டுதான இருக்கோம்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் இருவர் காலிலும் விழுந்து கிடக்க வேண்டிய நிலைமை அவளுடையது. வாயை மூடிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தாள். வள்ளங்கள் போயின, வந்தன. ஒவ்வொரு முறையும் வெறுங்கையை விரித்தார்கள். நாள் பல ஆன பிறகு, கடைசியில் சாமியாரே வீட்டுக்கு வந்து, மரித்தோர் பூசை வைத்துவிடலாம் என்றார்.

பூசைக்கு இரண்டு கட்சியும் வந்தது. சாமியார் பிரசங்கத்தில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிப் பேசி அழுதேவிட்டார். கோயில் வாசலில் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தார். செபாஸ்டின் பெனிஸ்டனைக் கட்டிப்பிடித்துக் கதறினார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பிளாரன்ஸுக்குக் கசந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

வாசல் பந்தலில் செபாஸ்டினும் பெனிஸ்டனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க ஒண்ணும் கொற வைக்கல மச்சான்" என்றான் பெனிஸ்டன். "தெக்க, அவன் வழக்கமா வலை விடுத எடம் பூரா சல்லடையா சலிச்சிட்டோம். எஞ்சின் நின்னுருந்தா கச்சான் காத்து அவன வடக்க, தீவுப் பக்கம் கொண்டு போயிருக்கும். அங்கன நீங்க பாத்திருப்பியன்னுதான் நாங்க போவல."

செபாஸ்டின் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வடக்க நீங்க போயிருப்பியன்னுல்லா நாங்களும் தெக்கயே தேடுனோம்."

காப்பித் தட்டோடு நின்ற பிளாரன்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப வடக்க ஒருத்தரும் போவலையா?"

செபாஸ்டின் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டியபடி, "ஏலே, வள்ளத்தத் தள்ளுங்கல!" என்று கத்தினார். பந்தலே எழுந்து ஓடியது. வெடி போட்டவனும் மண்டை உடைத்தவனும் ஒரே வள்ளத்துக்குத் தோள் கொடுத்தார்கள். அவள் வாசல் வாசலாய்ப் போய்க் கெஞ்சிக் கேட்டது இதைத்தான்.

ஏறப்போன அண்ணன் அவள் கையைப் பிடித்தான். "அழாதளா. எப்படியும் அவனக் கொண்டாந்துருவோம்."

பிளாரன்ஸ் கையை உருவிக்கொண்டாள்.

"கொண்டாருவிய" என்றாள். "பொதைக்க."