டெசாங்காவின் கடைசி உடுப்பு

போக்தான் முற்றத்தில் குளிர்காலத்துக்கென்று குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் அம்மா டெசாங்கா அதைச் சொன்னாள். அவளுக்கு வயது தொண்ணூற்றிரண்டு.

"எனக்கு வாழப் பிடிக்கலடா. என்னை நானே முடிச்சுக்கலாம்னு தோணுது. எந்நேரமும் அதே நெனப்பு."

அவன் மிளகாயைப் புரட்டினான். "உன் வயசுல எல்லாருக்கும் தோணுறதுதாம்மா. நீ எங்களையெல்லாம் அனுப்பிட்டுத்தான் போவ! அது கெடக்கட்டும், பெட்டியில எல்லாம் சரியா இருக்கா?"

செர்பியாவில் பிரோத் நகரத்துக் கிழவிகள் எல்லோரிடமும் அந்தப் பெட்டி உண்டு. புதைக்கும்போது போட்டுவிட வேண்டிய உடுப்பைத் தாங்களே வாங்கி, துவைத்து, மடித்து வைத்துக்கொள்வார்கள். போக்தான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தே பார்த்துவிட்டான்.

"ஷூவை எலி கடிச்சிருக்கே! திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைப் பாத்துல்ல சிரிக்கும்? போய் வேற வாங்கிட்டு வா. உனக்கும் மனசு லேசாகும்."

அவன் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வசவோடு விஷயம் தீர்ந்திருக்கும். பெற்றவள் உயிரை எடுத்து நீட்டினாள்; பிள்ளை அவளை ஷூ வாங்க அனுப்பினான்.

ஜோர்க்கா நடத்தும் ஷூக் கடையில் டெசாங்கா பழைய வாடிக்கை. பேரம் பேசி, இரண்டு தடவை கோபித்துக்கொண்டு படியிறங்கித் திரும்பி வராமல் ஒரு காலுறைகூட வாங்கியதில்லை. அன்றைக்குக் கறுப்பு ஷூவைத் தொட்டாள், விலை கேட்டாள், பணத்தை வைத்தாள்.

ஜோர்க்கா பணத்தைத் தொடவில்லை. "என்ன பெரியம்மா, வாய்க்கு வந்த விலையைச் சொல்லியிருக்கேன், திட்டலையா?"

"இருக்கட்டும் போ. இனிமே எனக்கெதுக்குக் காசு."

ஜோர்க்கா கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நேராவே கேக்கறேன். தற்கொலை பண்ணிக்கலாம்னு நெனைக்கிறீங்களா?"

"ஆமா. பிள்ளைகிட்டச் சொன்னேன். ஷூ வாங்கிட்டு வரச் சொன்னான்."

ஜோர்க்கா அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தாள். பிறகு போக்தானுக்கு.

"அடிப்பாவி, என்னைக் காட்டிக் குடுக்கிறியா?" என்றாள் டெசாங்கா.

"ஆமா, குடுக்கிறேன். உங்களைத் தனியா விட மாட்டேன். திட்டுறதைத் திட்டுங்க."

போக்தான் மூச்சிரைக்க வந்து நின்றான். "நீ சும்மா சொல்றேன்னு நெனச்சேம்மா..."

டெசாங்கா அவன் பக்கம் திரும்பவேயில்லை. ஜோர்க்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ இருடி. இவன் வெளியில நிக்கட்டும்."