வெளிக்கரை

ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். உள்பக்கம் மெதுவாக ஓடி மணலைப் படியவிடும். எட்டாம் வகுப்புக்குப் பதினேழு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிற டீச்சருக்கு, தன் அக்காவின் வீடு அப்படியொரு வளைவின் வெளிக்கரையில் இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். ஆனால் கொல்லைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆடுகள் மேய்கிற அகலமான புல்வெளி கிடந்ததால் அவள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

அந்த வருஷத்து வெள்ளம் புல்வெளியில் முக்கால்வாசியைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் தெரு முழுக்க மூச்சு வந்தது. அக்காவின் கணவர் தையல்காரர். கட்டி வைத்திருந்த துணி மூட்டைகளை அவிழ்த்துவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். டீச்சருக்கு மட்டும் பயம் விடவில்லை. ஊறிப்போன கரையை இத்தனை நாளும் தண்ணீரே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது. இனி முட்டு இல்லை, கரை சரியும். இதை அத்தானிடம் சொன்னபோது அவர் ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார்.

"டீச்சரம்மா, வர்றப்பவும் பயமுறுத்தினே, போறப்பவும் பயமுறுத்துறே. அது எப்பத்தான் நல்ல தண்ணி?"

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் மூட்டை விழுந்தமாதிரி சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வேலி இல்லை. அத்தான் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, சமையலறைச் சுவரிலிருந்து கரை விளிம்புவரை மண்டிபோட்டு அளந்தார். ஆறு டேப் நீளம், கொஞ்சம் கூட. மூன்றாம் நாள் நாலரை ஆயிற்று. அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

டீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். அங்கிருந்த இன்ஜினீயர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டினார். கல் கொட்டித் தடுத்தால் அரிப்பு இந்த வளைவில் நிற்கும், ஆனால் கீழே அடுத்த வளைவில் இருக்கிற நாற்பது வீடுகளின் பக்கம் திரும்பும். இரண்டு இடத்துக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறோம், அனுமதி வர அடுத்த வருஷமாகும் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. டீச்சர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை மூன்று பேருமாகச் சாக்கில் மண் நிரப்பிக் கரையோரம் அடுக்கினார்கள். தண்ணீர் அடியில் குடைகிறது, மேலே சாக்கு வைத்தால் கரைக்குப் பாரம்தான் கூடும் என்று டீச்சருக்குத் தெரியும். முதலிலேயே ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள். அத்தான் நிமிரவே இல்லை. அதற்குமேல் சொல்ல மனம் வராமல் அவளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் கொப்புளம் உடையும்வரை நிரப்பினாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னங்கிறாங்க," என்றார் அத்தான். "நமக்குக் காலுக்குக் கீழ போகுது. அதுக்கு யாரும் பழமொழி சொல்லி வைக்கல."

பொழுது சாய்வதற்குள் முதல் வரிசைச் சாக்குகள் கரையோடு சேர்ந்து உள்ளே போயின. அக்கா கையை உதறிவிட்டுத் தங்கையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீதானே பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறே. இது எங்க வந்து நிக்கும்?"

"ஏன் அரிக்குதுன்னு தெரியும்க்கா. எங்க நிக்கும்னு தெரியல."

அக்கா கோபப்படவில்லை. சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் பாத்திரங்களை ஒழிக்க உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சமையலறை போயிற்று. முதலில் தரையில் கோடு விட்டது, கோடு அகன்றது, சுவர் அப்படியே உட்கார்ந்தமாதிரி இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மிஷினும் கட்டிலும் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தன. அத்தான் கடைசியாக வெளியே வந்து, முன்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். பின்பக்கம் முழுக்க ஆற்றைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கதவும் இல்லை.

இப்போது அவர்கள் டீச்சர் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். மிஷின் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. அத்தான் தைக்கிறார், பேச்சுத்தான் குறைந்துபோயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி வந்தாள். ஆற்றுக்கு இப்போது அவள் வீடுதான் முதல் வீடு. காபி குடிக்கச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க டீச்சர். எத்தனை நாள் இருக்கும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

தன்னால் சொல்ல முடியாது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். வந்தவள் போகவில்லை, வாசலிலேயே நின்றாள். அத்தான் மிஷினை நிறுத்திவிட்டுக் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி நீட்டினார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, அவள் பின்னாலேயே நடந்தாள்.