வானத்தைப் பார்த்து வைத்த தேதி

'ஒளியாண்டு' என்ற அறிவியல் புனைகதை வாசகர் வாட்ஸப் குழுவில் நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். அதில் அறிவியல் படித்தவர் இருவர்; மாங்காய் வியாபாரம் பார்ப்பவர் ஒன்பது பேர். மிச்சமுள்ளவர்கள் எது சொன்னாலும் ராக்கெட் படம் போடுபவர்கள். குழுவை நடத்தியவன் வடகரப்பதி பூபதிராஜா. யாராவது கதை எழுதிப் போட்டால் அதில் ஈர்ப்புவிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அந்த வேலையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

குழுவிலேயே நன்றாக எழுதியவர் சுடலைமணி. மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில், தேயிலை ஃபேக்டரியில் வேலை. கட்டைவிரலாலேயே ஃபோனில் எழுதுவார். செவ்வாய்க் கிரகத்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணின் கதை அவருடையது. அங்கேயும் கங்காணி வந்து கிலோ பார்ப்பான். அவள் புருஷன் பூமியில். பேசினால் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். கதை நடக்கும் தேதிக்குப் பதினான்கு நிமிடம் ஆகும் என்று பூபதி கணக்குப் போட்டுத் திருத்தினான். "ரெண்டு நிமிசந்தானே தம்பி, பொறுத்துக்கிடுவா" என்று பதில் வந்தது.

சுடலைமணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மலையிறங்கி டயாலிசிஸ். அதே எஸ்டேட்டில் இன்னும் ஆறு பேர் அப்படி. எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஜீப் ஏற்பாடு செய்யப் பணம் திரட்டத்தான் குழு ஒரு கச்சேரி வைத்தது. பாடுகிறவள் முதலமடை நர்மதா. தானே பாட்டுக் கட்டி, தானே கீபோர்டு வாசித்து, தானே யூடியூபில் ஏற்றுகிறவள். எந்தக் கம்பெனியின் தயவும் கிடைக்காதவள், கேட்காதவள். செவ்வாய்க் கதையை அவள் பாட்டாக்கியிருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர சுடலைமணி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் ஏழு என்று முடிவானது. இடம், குழுவில் இல்லாத முதலமடை வியாபாரி மாரப்பனின் மாங்காய்க் கொட்டகை; சீசன் தொடங்காததால் காலி. அப்போதுதான் பூபதி வானத்தைப் பார்த்தான். அதாவது, ஃபோனில் பார்த்தான். டிசம்பர் இருபத்தெட்டு, மாலை ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு விண்வெளி நிலையம் முதலமடைக்கு நேர் மேலே கடக்கிறது. செவ்வாய்ப் பாட்டு முடிகிற நேரத்தில் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து அதைக் காட்டினால்! முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சப்பென்று போய்விடும். ஆகவே, "ஏழாம் தேதி கொட்டகை கிடைக்காதாம்" என்று குழுவில் எழுதி, கச்சேரியை மூன்று வாரம் தள்ளிவிட்டான். நூற்றுப் பதினேழு பேரில் ஒருவரும் மறுக்கவில்லை. ராக்கெட் போட்டார்கள்.

ஒன்பதாம் தேதி சுடலைமணியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அவுக காலைல போயிட்டாக. நான் அவுக வீட்டுக்காரி அழகுத்தாய்."

பழக்கதோஷத்தில் யாரோ ராக்கெட் போட்டார். உடனே அழித்தார். அழித்த தடம் மட்டும் நின்றது.

கச்சேரியை நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு, "இன்னும் ஆறு பேரு இருக்காகல்ல" என்றாள் அழகுத்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவளும் வந்தாள். மறையூர் வழியாக இறங்கி, உடுமலையில் சின்னம்மா வீட்டில் பையை வைத்துவிட்டு, இருபத்தெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் நின்றாள். பூபதி டீ கொண்டுபோய்க் கொடுத்தான்.

"நீங்கதான் பூபதித் தம்பியா? படத்துல குண்டா இருந்தீக."

"அது பழைய போட்டோங்கக்கா."

"ஏழாந்தேதின்னதும் அவுக ஆசுபத்திரில இன்னொருத்தர்ட்டக் கெஞ்சி, நாள மாத்தி வாங்கியிருந்தாக தம்பி. டயாலிசிசுக்கு மறுநாள்னா கொஞ்சம் தெம்பா இருக்கும்லா. சட்டையக்கூடத் தேய்ச்சு வச்சாச்சு. பெறவுதான் கொட்டகை இல்லன்னுட்டாக."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற மாரப்பனிடம் போய்க் கும்பிட்டாள்.

"கொட்டகைக்காரவுக நீங்கதானா? உங்க சோலிக்கு நடுவுல எடம் ஒழிச்சுக் குடுத்திருக்கீக. அன்னைக்குக் கெடைக்கலன்னு நாங்க ஒண்ணும் நெனைக்கலய்யா."

மாரப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. நவம்பரிலிருந்து அங்கே நாய்தான் படுத்துக் கிடந்தது. அவர் பூபதியைப் பார்த்தார். அந்த முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்கம்மணி. அன்னிக்குப் பொட்டியெல்லாம் அடைஞ்சு கெடந்துதுங்க. எம்பட தப்புத்தானுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அறுபத்தைந்து வயது மனிதர், செய்யாத தப்புக்குக் கும்பிட்டார். எட்டு வருடமாக அடுத்தவன் கதையில் பிழை பிடித்தவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அக்கா, அவரு மேல தப்பில்லீங்க. கொட்டகை சும்மாதானுங்க கெடந்துது. நாந்தான் பொய் சொன்னனுங்க."

"என்னத்துக்கு?"

"இன்னிக்கு வானத்துல ஒண்ணு போகுதுங்க. விண்வெளி நிலையம். அதக் காட்டலாம்னுட்டு..."

"அடக் கெரகமே" என்று முணுமுணுத்துக்கொண்டே மாரப்பன் வயரோடு நகர்ந்தார்.

"எத்தன மணிக்கு?" என்றாள் அழகுத்தாய்.

"ஏழு மணி நாலு நிமிசத்துக்குங்க."

அவள் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கிளாஸை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். நர்மதா மூன்று பாட்டுப் பாடினாள். ஏழு மணியானபோது, "அடுத்தது சுடலைமணி அண்ணனோட பாட்டுங்க" என்றாள். அழகுத்தாய் எழுந்தாள்.

"ஒரு நிமிசம் இரும்மா. வந்துடுதேன்."

நர்மதா கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள். அழகுத்தாய் அழப்போகிறாள் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. பூபதி பின்னாலேயே போனான்.

தென்மேற்கே மாந்தோப்புக்கு மேல் ஒரு வெளிச்சம் ஏறிவந்தது. மினுக்கவில்லை, சத்தமில்லை.

"இதுவா?"

"ஆமாங்கக்கா."

"உள்ள ஆளு இருக்காகளா?"

"ஏழு பேருங்க."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அது போகும் பக்கமெல்லாம் அவள் திரும்பினாள். உச்சியைத் தாண்டி, வடகிழக்கே பாதி தூரத்தில் பூமியின் நிழலுக்குள் போய் அணைந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஆனா, இதுக்காகவா தம்பி?"

அதன் உயரம், வேகம், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் பூபதிக்குத் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. உள்ளே போய், "பாடும்மா" என்றது வெளியே கேட்டது.

பூபதி உள்ளே போகவில்லை. தகரச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வெறும் வானத்துக்குக் கீழே நின்றே முழுப் பாட்டையும் கேட்டான்.