சீலுக்கு முன்னால் ஒரு கேள்வி

அமெரிக்காவின் எடிசன் ஊரில் நம் ஆட்களுக்கு நோட்டரி வேண்டுமென்றால் பேங்குக்குப் போக மாட்டார்கள். புஷ்பவல்லியிடம்தான் வருவார்கள். ஓக் ட்ரீ ரோட்டில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, கூடவே நோட்டரி லைசென்ஸ், கைப்பையில் எந்நேரமும் சீல். பிறந்தநாள் பார்ட்டியில் கேக்குக்கும் பிரியாணிக்கும் நடுவே அப்பா அம்மா விசாவுக்கான ஸ்பான்சர் பேப்பரை நீட்டுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் குத்திக் கொடுப்பாள். ஓசி சீல் யாருக்குத்தான் கசக்கும்?

அன்றைக்கு ஆபீசுக்கு வந்தவன் அவள் கணவனின் தம்பி கிட்டுசாமி. பார்சிப்பனியில் அவனும் வாஞ்சிநாதனும் கூட்டாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். போன குளிர்காலத்தில் வாஞ்சிநாதன் மாரடைப்பில் போய்விட்டான், பாவம். அவனுடைய ஷேர் இப்போது மனைவி சாந்தியின் பேரில். அவளுக்கும் பிள்ளைக்கும் அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளத்தான் கிட்டுசாமி பேப்பர் கொண்டுவந்திருந்தான்.

“சாந்தி எங்க தம்பி?”

“அதுக்கு டிரைவ் பண்ண வராதுங்க அண்ணி. நீங்க சீல் போட்டு வைங்க, சாயங்காலம் வீட்டுல போயி சைன் வாங்கிக்கறேன்.”

“ஆள் வராம போட முடியாது.”

“ஊர்ல கோர்ட் வாசல்ல யாருங்க ஆளைப் பாக்கறாங்க?”

“அப்ப ஊர்லயே போய்ப் போட்டுக்கங்க.”

சொந்த அண்ணியே இப்படிக் கறார் காட்டுவாள் என்று அவன் நினைக்கவில்லை. முகம் சுண்டிப்போனது. ஆனால் விடாக்கண்டன், மறுநாளே சாந்தியைத் தன் காரில் கூட்டிவந்து புஷ்பவல்லியின் எதிரே உட்காரவைத்துவிட்டான்.

சாந்தி பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போடவில்லை.

“கம்பெனி முழுகப்போகுது, இப்ப குடுக்கலைன்னா ஒண்ணுமே தேறாதுன்னு இந்த அண்ணன் சொல்றாருக்கா. நீங்க சொல்லுங்க, போட்டுடட்டுமா?”

கையெழுத்துப் போடுவது அந்த ஆள்தானா, மனசாரப் போடுகிறாரா என்று பார்ப்பதோடு நோட்டரியின் வேலை முடிந்தது. போடலாமா கூடாதா என்று சொல்வது வக்கீலின் வேலை. இது புஷ்பவல்லிக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கம்பெனியை யாரோ பெரிய இடத்தில் வாங்கப்போவதாகக் கிட்டுசாமி குதூகலித்ததும் அவளுக்குத் தெரியும். குழம்பு ஊற்றியவளே அவள்தானே. நேற்றே இந்தப் பேப்பரைத் தொடமாட்டேன் என்று சொல்லாமல் விட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“போடு, போடாதேன்னு நான் சொல்லக்கூடாது சாந்தி. இதுக்கு நான் சீல் வைக்கவும் கூடாது. அந்தக் கம்பெனியில எங்க வீட்டுக்காரருக்கும் ஷேர் இருக்கு.”

“அண்ணி, அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றான் கிட்டுசாமி.

சாந்தி அவனைப் பார்க்கவில்லை.

“நீங்களும் குடுத்துட்டீங்களாக்கா?”

“இல்ல.”

“குடுக்கப்போறீங்களா?”

“இல்ல சாந்தி.”

சாந்தி பேனாவை மூடினாள். அது கிட்டுசாமியின் பேனா என்பதை மறந்து தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அட்வைஸ் பண்ண மாட்டேன்னுட்டு நல்லாத்தான் பண்ணீட்டீங்க அண்ணி” என்றான் அவன்.

“எங்க வீட்டு விஷயத்தைத்தான் சொன்னேன் தம்பி. எம் புருஷன்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன்.”

அவன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு, கார் சாவியோடு வாசலில் போய் நின்றான். சாந்தி எழுந்திருக்கவில்லை.

“உங்க வேலை எப்ப முடியுங்கக்கா?” என்று கேட்டாள். “நான் உங்க கார்லயே வீட்டுக்குப் போயிக்கறேன்.”