இரண்டு எர்த்து ஒயர்கள்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குள் திரும்பும் முனையில் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த கம்பெனி பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஹேமலதாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"கிளட்ச்ச டக்குனு விட்டுட்டேன்க்கா."

"புதுசா ஓட்டுறவங்களுக்கு ஆஃப் ஆவுறது சகஜம்தான். நியூட்ரல்ல போட்டு சாவியத் திருப்பு," என்றாள் பக்கத்தில் இருந்த அக்தர் பேகம்.

ஹேமலதா திருப்பினாள். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் அதே 'டக்'. அக்தர் பேகம் இறங்கிப் போய் பஸ் கிளீனரையும் டீக்கடையில் நின்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காரை ஓரமாகத் தள்ளினாள். அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

கருவடிக்குப்பத்தில் வீட்டு வாசலிலேயே போர்டு மாட்டி, பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள் அக்தர் பேகம். அவளுடைய பள்ளியில் இருந்தது இந்த ஒரே கார். அண்ணன் ஸாகிப் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது, புதுப் பெயின்ட் அடித்து அவளிடம் விட்டுவிட்டுப் போனது. மூன்று வருஷம் ஒழுங்காக ஓடிய வண்டிக்கு இரண்டு மாதமாகத்தான் இந்த நோய். மெக்கானிக் சக்கரபாணி முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் போட்டார். இப்போது மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். நடுரோட்டில் நின்று நின்று வெட்கப்பட்டுப்போய் நான்கு பெண்கள் வகுப்புக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

"வித்துடேன். உங்கண்ணன் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு," என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார் அவள் கணவர் மஜீத். பெரிய மார்க்கெட்டில் பை, பெட்டி விற்கிற கடை அவருக்கு. மனசில் வைத்துப் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் அந்தப் பேச்சு அவளுக்கு அதிகமாக உறைத்தது.

அக்தர் பேகம் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு சக்கரபாணிக்கு போன் போட்டாள். அவர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை சும்மா நிற்காமல் ஹேமலதா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க உள்ள ஒக்காந்து ஒருவாட்டி சாவியத் திருப்புங்க. நான் பாக்குறேன்."

அக்தர் பேகம் திருப்பினாள். ஹேமலதா எதையோ தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆக்சிலேட்டர் கேபிள் சுடுதுக்கா. தொட்டுப் பாருங்க."

தொட்டாள். கொதிக்கிற டீ டம்ளரைத் தொட்டதுபோல் இருந்தது. "இது வெறும் கம்பிதான? இது எதுக்குச் சுடணும்?"

"கரண்டு அதுல போவுதுக்கா. பேட்டரிலேருந்து மோட்டாருக்குப் போன கரண்டு திரும்பி வரணும் இல்ல? வர்ற வழி அடைஞ்சி போயிருக்கு. அதான் கெடைச்ச வழில வருது."

ஹேமலதாவுக்கு இருபத்தேழு வயது. அதே தொழிற்பேட்டையில் இன்வெர்ட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாக பெஞ்சில் உட்கார்ந்து பேட்டரிக்கு ஒயர் கட்டுகிற வேலை. வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் மாட்டித் தருகிற சர்வீஸ் வேலைக்கு வேனை ஓட்டத் தெரிந்தவர்களைத்தான் அனுப்புவார்கள். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தால் உன்னையும் அனுப்புகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். டெஸ்டுக்குப் பத்து நாள்தான் பாக்கி.

அவள் குனிந்து, கரண்டு திரும்பி வருகிற எர்த்து இதுதான் என்று, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பாடிக்கு வருகிற செம்புப் பின்னல் பட்டையைக் காட்டினாள். உப்புக்காற்று பட்டுப் பட்டுப் பச்சை பூத்து, முக்கால்வாசி இழை அறுந்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க கம்பெனில மாட்டுற பேட்டரி ஒயர் இதவிடத் தடிமனா இருக்கும். மிச்சம் விழுற துண்டு நெறைய கெடக்கு. மொதலாளியக் கேட்டுட்டு ரெண்டு ஒயர் கட்டி எடுத்துனு வரட்டுமாக்கா?"

அக்தர் பேகம் யோசித்தாள். கிளட்சை ஒழுங்காக விடத் தெரியாத பெண் இவள். இவள் சொல்கிறாள் என்று காரில் கை வைக்க விடுவதா? ஆனால் இரண்டு மாதமாக ஒருத்தரும் அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதும் அவளுக்கு உறுத்தியது.

"எடுத்துனு வா. பாப்போம்," என்றாள்.

அன்றைக்கு சக்கரபாணி வந்து தள்ளிக் கிளப்பிக் கொடுத்ததில் கார் வீடு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹேமலதா அங்கே வந்தாள். ஒரு முழ நீளத்தில் இரண்டு கறுப்பு ஒயர்கள். இரண்டு முனையிலும் போல்ட்டு மாட்ட ஓட்டை வைத்த செம்பு லக்கு வைத்து இறுக்கி, மேலே சிவப்பு பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கட்டினாளாம். கடையில் வாங்கியதுபோல அத்தனை நேர்த்தி. முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்தாள். ஒரு ஒயரை கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கும், இன்னொன்றை இன்ஜின் தலையிலிருந்து பாடிக்கும் போல்ட்டு போட்டு முடுக்கினாள். மஜீத் வாசல்படியில் டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனஸை மாட்டிவிட்டு அக்தர் பேகம் சாவியைத் திருப்பினாள்.

டக்.

இன்னொரு தடவை. டக்.

ஹேமலதாவின் முகம் சுண்டிப்போனது. ஸ்பேனரைத் துணியில் துடைத்தபடி, "தப்பாச் சொல்லிட்டேன் போலக்கா. எனக்கு பெஞ்சு வேலைதான் தெரியும். சக்கரபாணி அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணிடுங்க," என்றாள்.

மஜீத் டீ கிளாஸோடு உள்ளே போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அக்தர் பேகத்துக்கு. கோபம் யார்மேல் என்று தெரியாமல் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பு ஒயர், சிவப்பு ஸ்லீவ், பளபளக்கும் லக்கு. அந்த லக்கு உட்கார்ந்திருக்கிற இடமும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது.

"ஹேமா, பெயின்ட்டு மேல கரண்டு போவுமா?"

ஹேமலதா நிமிர்ந்தாள். "போவாதுக்கா."

"எங்கண்ணன் ஊருக்குப் போறப்ப பானெட்டு உள்ளகூட விடாம அடிக்கச் சொன்னாரு. போல்ட்டு ஓட்டையில எல்லாம் பெயின்ட்டு வழிஞ்சி கெடக்கு பாரு."

ஹேமலதா விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கம்பெனில நாங்க மாட்டுறது பேட்டரியோட ஈய முனை மேலக்கா. பெயின்ட்டு ஞாபகமே வரல."

அக்தர் பேகம் உள்ளே போய் உப்புத்தாளும் ஒரு பழைய கத்தியும் எடுத்து வந்தாள். இந்தத் தடவை அவளே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். இரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி, தகடு வெள்ளி மாதிரித் தெரிகிறவரை தேய்த்தாள். ஓட்டைக்குள்ளும் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் திருகினாள். ஹேமலதா இன்ஜின் பக்கத்துப் பிசுக்கைத் துடைத்தாள். மறுபடி இறுக்கி, துருப் பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினார்கள்.

"நீ போய் ஸ்டார்ட் பண்ணு," என்றாள் அக்தர் பேகம்.

ஹேமலதா சாவியைத் திருப்பினாள். கார் ஒரே மூச்சில் கிளம்பிவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். கிளம்பியது. ஆறு தடவை போட்டுப் பார்த்தார்கள். அக்தர் பேகம் ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். குளிர்ந்து கிடந்தது. மஜீத் வெளியே வந்து, காரையும் மனைவியின் கறுத்துப்போன கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கை கழுவுங்க. நாஷ்டா ஆறிப் போவுது," என்றார். அன்றைக்கு அவரே பரிமாறினார்.

மறுநாள் சக்கரபாணி வந்து ஒயரை இழுத்து ஆட்டிப் பார்த்தார். "எர்த்த நான் பாத்திருக்கணும். விட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு, இதுபோல நாலு ஒயர் தனக்கும் கட்டித் தர முடியுமா என்று ஹேமலதாவிடம் கேட்டார்.

டெஸ்டு நாளில் மேட்டில் ஏறும்போது ஹேமலதா மறுபடியும் கிளட்சை விட்டுவிட்டாள். கார் குலுங்கி நின்றது. இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்ற அக்தர் பேகத்துக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. மனசுக்குள் துஆ ஓதியபடி இருந்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. சத்தம் வந்தது. கார் பின்னால் ஒரு விரல்கூட வழுக்காமல் மேட்டை ஏறி இறங்கியது. இறங்கி வந்த ஹேமலதா, "நின்னதும் எனக்கு பயமே வரலக்கா. எப்பிடியும் கெளம்பிடும்னு தெரியும் இல்ல," என்றாள்.

லைசென்ஸ் வந்தது. அடுத்த மாதமே அவள் சர்வீஸ் வேனில் ஏறினாள்.

அக்தர் பேகம் அதற்குப் பிறகு முதல் வகுப்பில் யாரையும் ஸ்டியரிங் பிடிக்க விடுவதில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, எது பேட்டரி, எது எர்த்து, எங்கே தொட்டால் சுடும் என்று காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். விட்டுப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து அன்னக்கிளி என்று ஒருத்தி புதிதாக வந்தாள். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் திட்டுகிறான், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை நாமே ஓட்டலாம் என்று அங்கே அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள் பேசி வைத்திருக்கிறார்களாம். அவள் இடுப்பில் கை வைத்தபடி இன்ஜினை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் கத்துக்க எத்தினி நாளாவும்க்கா?"

"தெனம் காலைல ஆறு மணிக்கு வந்தா ஒரு மாசம்."

"ஆறு மணிக்கு மீன் ஏலம் இருக்கு. பத்து மணிக்கு வரட்டா?"

"வா. மத்த நாலு பேரையும் கூட்டினு வா," என்றாள் அக்தர் பேகம்.