பெடலில் வைத்த சிவப்புப் புள்ளிகள்

"உனக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் அவளிடம் கேட்டது இது. யாராவது கேள்வி கேட்டால் போதும், அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை.

காது என்னவோ, மற்றவர்களுக்குக் கேட்காததும் கேட்கிற காது. அவளுடைய அண்ணன் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன். டயர் கடைக்கு மேலே இருந்த ஒத்திகை அறையில் அவன் காலடியில் இரண்டு பெடல்கள் கிடக்கும். ஒன்று டிஸ்டார்ஷன்: தந்தியின் சுத்தமான சத்தத்தை நொறுக்கிக் கரகரப்பாக்கும். மற்றது கோரஸ்: ஒரு கிட்டாரை மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் அலையவிடும். அண்ணனுக்கு விரல் உண்டு, பொறுமை கிடையாது. பெடல்களில் இருக்கும் எல்லாக் குமிழையும் வலது கோடிக்குத் திருகிவிட்டு "செம" என்பான்.

அவள்தான் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து, மயிரிழை மயிரிழையாகத் திருகி அந்தச் சத்தத்தைப் பிடித்தாள். டிஸ்டார்ஷன் பாதிக்கும் குறைவாக. தனியாகக் கேட்டால் உப்புக் குறைந்த மாதிரிதான் இருக்கும். டிரம்ஸ் சேரும்போது எடுப்பாக நிற்கும். கிட்டாரிலிருந்து வரும் வயரில் முதலில் டிஸ்டார்ஷன், அதற்குப் பிறகுதான் கோரஸ். ஒவ்வொரு குமிழும் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள்.

அந்தச் சத்தத்தை அண்ணனுடைய கச்சேரி ஒன்றில் கேட்டுவிட்டு, ஸ்டுடியோக்காரர் ஒருவர் நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார். வாசிக்க ஒருவர் வேண்டும், ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து சத்தம் அமைத்துத் தரவும் ஒருவர் வேண்டும் என்றார்.

"அண்ணா, என்னைப் பத்திச் சொல்வியா?" அவள் வாய் திறந்து கேட்ட முதல் உதவி அதுதான்.

"சொல்லாம? செட் பண்ணது என் தங்கச்சின்னு ஒரு வார்த்தை. வாயா வலிக்கப் போகுது?"

அவர் வரும் நாளில் அவள் அறைக்குள் நுழைந்ததும் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை மூக்கைத் துளைத்தது. பெடல்கள் பளபளவென்று இருந்தன. ஒரு புள்ளிகூட இல்லை.

"ஏண்ணா அழிச்ச?"

"பெரிய மனுஷன் வர்ற இடம். நெயில் பாலிஷப் பாத்தா என்ன நெனைப்பாரு?"

"விட்டா பெடலுக்குக் கம்மல் வேற மாட்டிருப்பா," என்றான் டிரம்ஸ்காரன். அவனுக்கு இடி என்று பட்டப்பெயர்.

துடைப்பதற்காகக் கழற்றிய வயர்களையும் அண்ணனே மாட்டியிருந்தான். அவள் குனிந்து பார்ப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் படியேறி வந்துவிட்டார்.

வாசித்தார்கள். கோரஸ் முன்னால், டிஸ்டார்ஷன் பின்னால் என்று வயர் மாறிப் போயிருந்தது. அலைகளையும் சேர்த்து நொறுக்கியதில் கிட்டார் வாய் கொப்பளிக்கிற மாதிரி கேட்டது. குமிழ் வேறு வலது கோடியில். டிரம்ஸ் விழுந்ததும் கிட்டார் போன இடம் தெரியவில்லை.

"தம்பி, நான் அன்னிக்குக் கேட்டது இது இல்லையே," என்றார் அவர்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் மண்டியிட்டாள். வயர்களை இடம் மாற்றினாள். ஒவ்வொரு குமிழாகத் திருகினாள். புள்ளிகள் பெடலிலிருந்துதான் அழிந்திருந்தன.

"வாசிண்ணா," என்றாள் மெல்ல.

அண்ணன் வாசித்தான். சாய்ந்திருந்த ஸ்டுடியோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான். இப்ப என்ன பண்ணீங்க?"

அண்ணன் தந்திகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வயர் லூஸ் சார். தங்கச்சி அழுத்திவிட்டா."

"செட்டிங் யாரு பண்ணது?"

"நான்தான் சார். ரெண்டு வருஷமா உக்காந்து பண்ணது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ ஏதோ திருகின மாதிரி இருந்துதே. என்னம்மா பண்ணே?"

பதில் முழுசாக நெஞ்சுக்குள் இருந்தது. நாக்கு மேலண்ணத்தை விட்டு வரவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் சொல்லிவிட இன்னமும் நேரம் இருந்தது, ஒரு வார்த்தை.

அண்ணன் சிரித்தான். "அவகிட்ட கேக்காதீங்க சார். காது கொஞ்சம் மந்தம்."

இடி சிரித்தான். ஸ்டுடியோக்காரரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். "சரி, இதே சத்தத்துல இன்னொரு பாட்டு வாசிங்க."

அவள் மறுபடி மண்டியிட்டாள். ஒன்றுவிடாமல் எல்லாக் குமிழையும் இடது கோடிக்குத் திருகினாள். வயர்களைப் பிடுங்கிப் பெடல்கள் மேல் போட்டாள்.

"ஏய், என்ன பண்ற? எங்க போற?" அண்ணன் கத்தினான்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.